கடலினும் தாழ்ந்த கன்னல் நாடு

கடலைக் காணச் செல்வோர் கரையை நோக்கி இறங்கிச் செல்வதே உலக வழக்கம். தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானா நாட்டின் தலைநகராகிய ஜோர்ஜ்டவுணில் வழக்கம் வேறு. அங்கே கடலைக் காண விரும்புவோர் படியேறிச் செல்லவேண்டும். ஒரு நாள் மாலை நாமும் அவ்வாறே படியேறிக் கடற்சுவரின் மேல் நின்றோம். அது நீர் பெருகும் வேளை. ஒரு பக்கம் அத்திலாந்திக் சமுத்திரம் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. மறுபக்கம் மரவீடுகளும் தெருக்களும் வாய்க்கால்களுமாக நகரம் விரிந்து கிடந்தது. இரண்டையும் மாறி மாறி நோக்கியபோது எமக்குச் சிறிது நடுக்கம் உண்டாயிற்று. கடல் மேலேயும் நகரம் கீழேயும் இருந்தன!

அந்தக் கடலும் நாம் அறிந்த நீலக்கடல் அன்று. அமேசன் ஆறு கொண்டுவந்து கொட்டும் சேற்றினால் அது பால் விட்ட கோப்பியின் நிறத்தில் இருக்கின்றது. சுவரோ கரையோரமாக ஏறத்தாழ 280 மைல் தூரம் செல்கின்றது. நாட்டின் பரப்பு இலங்கையைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். ஆனால் மக்கள் பத்து இலட்சத்தை எட்டாதவர்கள். அவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் இந்தச் சுவரின் பின்னேயுள்ள ஒடுங்கிய கரையோரத்திலேயே வாழ்கின்றனர். உள்நாடு பெருங்காடும் பேராறுகளும் ஆதிக்குடிகளின் ஊர்களுமாக உள்ளது. தென்னமெரிக்கக் கண்டத்தில் இருந்தபோதிலும் மொழியாலும், விளையாட்டாலும், வரலாற்றாலும் இது கரிபியன் நாடுகளுள் ஒன்றாகவே மதிக்கப்படுகின்றது. கரிபியன் சமுதாய அமைப்பின் தலைமையகமும் ஜோர்ஜ்டவுணிலேதான் இருக்கின்றது.

இத்துணைத் தூரத்து நாட்டுக்கு நாம் செல்ல நேர்ந்தது எவ்வாறு என வாசகர்கள் வினவக்கூடும். ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் எம் உறவினர் வீட்டுக்கு அடுத்த வீட்டார் கயானாக்காரர். அவ்வீட்டு அம்மையாருடன் வேலிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று பேசிப் பழகியதன் பயனாக, அவருடைய சிறிய தாயாருக்கு ஒரு கடிதமும் சில மருந்துகளும் கொண்டு விமானம் ஏறினோம். ஏறத்தாழ ஆறு மணி நேரப் பிரயாணம்.

ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால்

ஒல்லாந்தர் என்ற பெயர் நம் நாட்டவர்க்குப் புதியதன்று. அவர்கள் கட்டிய கோட்டைகளையும் வெட்டிய வாய்க்கால்களையும் நாம் இன்றும் காண்கின்றோம். அதே ஒல்லாந்தரே கயானாவின் கரையோரச் சதுப்பு நிலத்திலும் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, எசெக்குவிபோ, டெமெராரா, பேர்பிஸ் என்னும் மூன்று குடியேற்றங்களை அமைத்தனர். ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றிய 1796ஆம் ஆண்டிலேயே இம்மூன்றையும் கைப்பற்றினர். இடையிலே ஒருமுறை திருப்பிக் கொடுத்து, 1803இல் மீண்டும் பிடித்து, 1814இல் முற்றாகத் தமதாக்கிக்கொண்டனர். 1831இல் மூன்றும் ஒன்றாக இணைக்கப்பட்டுப் பிரித்தானிய கயானா ஆயிற்று.

அணை கட்டியவர் ஒல்லாந்தர் என்று மேலே கூறினோம். அதனைத் திருத்திக் கூறுதல் வேண்டும். திட்டம் வகுத்தவர் ஒல்லாந்தர். மண் சுமந்தவர் ஆபிரிக்க அடிமைகள். சீனித் தொழிலை ஆராய வந்த வென் ஆணைக்குழு 1949இல் வெளியிட்ட அறிக்கையில், அடிமைகள் மண்வெட்டியும் வெறுங்கையுமாக அகற்றிய சேற்றின் அளவைக் கணக்கிட்டுள்ளது. அது குறைந்தது பத்துக் கோடி தொன்! ஒரு சதுர மைல் கரும்பு நிலத்துக்கு 49 மைல் வடிகாலும், அதற்கு மேல் 16 மைல் நீர்ப்பாசன வாய்க்காலும் வேண்டியிருந்தனவாம். கன்னலின் இனிமைக்குக் கொடுத்த விலை இதுவாகும்.

அடிமைகள் பொறுத்தே இருந்தனர் என்பதும் இல்லை. 1763ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி பேர்பிஸில் கஃபி என்பவனின் தலைமையில் எழுந்த கிளர்ச்சி, அக்குடியேற்றத்தின் பெரும்பகுதியைப் பல மாதங்கள் அடிமைகளின் கையில் வைத்திருந்தது. ஜோர்ஜ்டவுணில் அவனுக்குப் பெரியதோர் வெண்கலச் சிலை எடுத்திருக்கின்றனர். பிற்காலத்தில் கயானா குடியரசாவதற்கு அந்தப் பெப்ரவரி 23ஆந் திகதியையே தேர்ந்தெடுத்தது.

1838ஆம் ஆண்டு ஆகஸ்டு முதலாந் திகதி அடிமைகள் முற்றாக விடுதலை பெற்றனர். அவர்களில் 83 பேர் மறு ஆண்டிலே தம் சேமிப்பை ஒன்று சேர்த்துக் கைவிடப்பட்ட தோட்டம் ஒன்றை விலைக்கு வாங்கி, விக்டோரியா என்று பெயரிட்டுக் குடியேறினர். அடிமையாய் உழைத்த மண்ணையே பணம் கொடுத்து வாங்கிய கிராமங்கள் இவ்வாறு பல தோன்றின. தோட்டத் துரைமாரோ கூலி உயர்த்திக் கொடுப்பதை விடுத்து வேறு ஆட்களைத் தேடினர். விடுதலைக்கு மூன்று மாதம் முன்னரே, 1838 மே 5ஆந் திகதி, விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து சேர்த்தன. 1917 வரையில் ஏறத்தாழ 2,39,000 இந்தியர் வந்தனர். பெரும்பாலோர் வட இந்தியர். ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறையிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும். வந்தவர்கள் முன்னைய அடிமைகளின் குடியிருப்புகளிலேயே வைக்கப்பட்டனர்.

ஆகவே, ஒரே வாய்க்காலைக் காக்கும் இரு மக்கள் கூட்டம் அங்கே உண்டாயிற்று. முன் வந்தவர், பின் வந்தவரைத் தம் கூலியைக் கெடுக்க வந்தவராகக் கண்டார். பின் வந்தவர், முன் வந்தவரைத் தம்மை இகழ்பவராகக் கண்டார். இருவரையும் கொண்டுவந்த தோட்டத் துரைமார் இதனைக் கண்டு வருந்தியதாகத் தெரியவில்லை. தோட்டத் தொழிலின் கதையை நம் வாசகர்க்கு இதற்குமேல் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நூற்று முப்பத்துமூன்று நாட்கள்

ஜோர்ஜ்டவுணிலுள்ள பாராளுமன்றக் கட்டடம் 1834இல் திறக்கப்பட்டது. அருகிலே ஸ்ரப்ரோக் சந்தையின் இரும்புக் கோபுரம் மணிக்கூட்டுடன் நிற்கின்றது. சற்று அப்பால் உயர் நீதிமன்றத்தின் முன்றிலில் விக்டோரியா மகாராணியாரின் சிலையைக் கண்டோம். 1954இல் யாரோ வெடிவைத்ததால் அச்சிலை சிதைந்ததாம். குடியரசான ஆண்டில் தாவரப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டு, 1990இல் மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவரப்பட்டதாம். கல்லாலான மகாராணியாருக்கே இத்தனை அலைச்சல் என்றால், அந்நாட்டு அரசியலின் போக்கை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அவ்வரசியலில் இரு பெயர்கள் முதன்மையானவை. ஒருவர் டாக்டர் சேடி ஜகன். பேர்பிஸ் பகுதியிலுள்ள போட் மூரண்ட் என்னும் கரும்புத் தோட்டத்திலே 1918இல் பிறந்தவர். சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள நோத்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் கற்றவர். ஜனெட் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணந்து நாடு திரும்பியவர். மற்றவர் போர்ப்ஸ் பேர்ணாம். ஜோர்ஜ்டவுணை அடுத்த கிற்றியில் 1923இல் பிறந்த ஆபிரிக்க வமிசத்தவர்; இலண்டனிற் சட்டம் கற்றவர்; நாவன்மை மிக்கவர்.

1948 ஜூன் 16ஆந் திகதி என்மோர்த் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலீசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். அவர்களின் புதைகுழி அருகே நின்று, இம்மக்களின் விடுதலைக்கே தம் வாழ்வு என ஜகன் சபதம் செய்தார். 1950இல் ஜகனும் அவர் மனைவியாரும் பேர்ணாமும் கூடி மக்கள் முற்போக்குக் கட்சியை நிறுவினர். நம் நாட்டில் 1931இல் நடைமுறைக்கு வந்த சர்வஜன வாக்குரிமை, பிரித்தானிய கயானாவுக்கு 1953இலேதான் வந்தது. அவ்வாண்டு ஏப்ரில் தேர்தலில் இந்தியரும் ஆபிரிக்கரும் தோளோடு தோள் நின்று அக்கட்சிக்கு 24 ஆசனங்களில் 18ஐ அளித்தனர்.

அந்த ஆட்சி 133 நாட்களே நிலைத்தது. தொழிலாளர் விரும்பும் சங்கத்தைத் தோட்ட முதலாளிகள் ஏற்கவேண்டும் என்ற சட்டமூலம் சபையில் நிறைவேறிய மறுநாள், ஒக்டோபர் 9ஆந் திகதி, பிரித்தானிய அரசு அரசியலமைப்பை இடைநிறுத்திற்று. படைகள் வந்து இறங்கின. பொதுவுடைமைவாதிகள் நாட்டைக் கைப்பற்றச் சதி செய்கின்றனர் என்பது கூறப்பட்ட காரணம். ஜகனும் பேர்ணாமும் ஒன்றாகவே இலண்டனுக்கும் இந்தியாவுக்கும் சென்று முறையிட்டனர். அதன் பின்னர் அவ்விருவரும் நெடுங்காலம் ஒன்றாகச் செல்லவில்லை. 1955இல் கட்சி இரண்டாயிற்று. முதலிலே அது தலைமை பற்றிய பிளவேயன்றி இனப் பிளவன்று. இரு பிரிவிலும் இரு இனத்தவரும் இருந்தனர். ஆனால் 1957 தேர்தலில் ‘அபன் ஜாத்’, அதாவது ‘நம்மவருக்கே வாக்கு’ என்ற சொல் ஊர்தோறும் பரவிற்று. பேர்ணாமின் பிரிவு மக்கள் தேசிய காங்கிரஸ் எனப் பெயர் பூண்டது. அன்று தொடங்கிய வழக்கம், பெட்டியைத் திறக்குமுன்பே வாக்கை எண்ணிவிடும் வழக்கம்.

ஈரப்பலா மரம்

கடிதத்துக்கு உரிய அம்மையாரைக் காண நாம் கிழக்குக் கரையோர வீதியால் அனண்டேல் என்னும் ஊருக்குச் சென்றோம். தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய மரவீடு. கீழ்த்தளத்தில் ஊஞ்சற் படுக்கை. முற்றத்தில் பெரியதோர் மாமரம். அம்மையாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மருந்துகளைப் பெற்றுக்கொண்டு, சோறும் பருப்பும் இட்டு எம்மை உபசரித்தார். வீடு மிக அழகாயிருக்கின்றது என்று நாம் பாராட்டினோம்.

“இது எங்கள் வீடன்று, மகனே. எங்கள் வீடு அடுத்த ஊரில் இருக்கிறது” என்றார் அவர்.

அடுத்த ஊர் பக்ஸ்டன். விடுதலை பெற்ற அடிமைகள் விலைக்கு வாங்கிய கிராமங்களுள் ஒன்று; அடிமைத்தனத்தை எதிர்த்த ஓர் ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினரின் பெயரைத் தாங்கியது. அம்மையாரின் தந்தை அங்கே சிறு கடை வைத்திருந்தாராம். 1964இல் அவருக்குப் பன்னிரண்டு வயது.

அவ்வாண்டில் நடந்ததைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1961 தேர்தலில் ஜகனின் கட்சி நூற்றுக்கு 42.6 வாக்குகள் பெற்று 35 ஆசனங்களில் 20ஐ வென்றது. பேர்ணாமின் கட்சி நூற்றுக்கு 41 பெற்றும் 11 ஆசனங்களே கிடைத்தன. தமக்கு அநீதி நேர்ந்ததென அவர்கள் எண்ணியதற்கு இடமுண்டு. 1962 பெப்ரவரியில் ஜோர்ஜ்டவுணின் வணிகப் பகுதி தீக்கிரையாயிற்று. 1963இல் எண்பது நாள் பொது வேலைநிறுத்தம். அதற்கு அமெரிக்க இரகசியத் துறையின் பணம் துணைசெய்தமை பின்னர் வெளிவந்தது. இன்னொரு கியூபா தோன்றிவிடும் என்று அஞ்சிய ஜனாதிபதி கென்னடியின் அரசு, ஜகன் கையில் சுதந்திரத்தைக் கொடுக்கலாகாது என இலண்டனை வற்புறுத்திற்று. அதன்படி தொகுதித் தேர்தல் முறை கைவிடப்பட்டு விகிதாசார முறை புகுத்தப்பட்டது. இச்செயலில் தமக்கிருந்த பங்குக்காகக் கென்னடியின் ஆலோசகராயிருந்த ஆதர் ஷ்லெசிங்கர், 1990இல் ஜகன் முன்னிலையிலேயே வருத்தந் தெரிவித்தார். அதற்குள் இருபத்தாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

1964இல் 170க்கு மேற்பட்டோர் கொலையுண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மே மாதத்தில் விஸ்மார் என்னும் சுரங்க ஊரிலிருந்து இந்தியர் அடித்துத் துரத்தப்பட்டனர். ஜூலையில் டெமெராரா ஆற்றிலே சன் சப்மன் என்னும் இயந்திரப் படகு வெடித்து ஆபிரிக்கர் நாற்பது பேரளவில் மாண்டனர். கலந்து வாழ்ந்த ஊர்கள் பிரிந்தன. பக்ஸ்டனிலிருந்து இந்தியர் அனண்டேலுக்கும், அனண்டேலிலிருந்து ஆபிரிக்கர் பக்ஸ்டனுக்கும் சென்றனர்.

“இந்த வீட்டில் ஓர் ஆபிரிக்கக் குடும்பம் இருந்தது. என் தந்தையாரும் அந்தக் குடும்பத்துத் தந்தையும் வீதியில் நின்றே பேசி முடித்தார்கள். எங்கள் வீட்டுக்கு அவர்கள். அவர்கள் வீட்டுக்கு நாங்கள். வண்டியில் சாமான் ஏற்றிப் போகும்போது வழியிலே ஒருவரையொருவர் கண்டோம். ஒருவரும் பேசவில்லை” என்று அம்மையார் கூறினார்.

சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு மீண்டும் சொன்னார்: “வீட்டை மாற்றிக்கொண்டோம். மரத்தை எப்படி மாற்றுவது? அங்கே என் தாய் நட்ட ஈரப்பலா நின்றது. இங்கே அவர்கள் நட்ட மா நின்றது. இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுப் பையன் ஒரு கூடை ஈரப்பலாக்காயைப் படியில் வைத்துவிட்டு ஓடிப்போனான். என் தாய் அதே கூடையில் மாம்பழம் நிறைத்து அனுப்பினாள். அன்று முதல் வருடந்தோறும் கூடை போய்வருகிறது. தேர்தல் வரும்போது மட்டும் போவதில்லை. எண்ணி முடிந்த பின்புதான் போகும். 2020இல் ஐந்து மாதம் எண்ணினார்கள். அந்த வருடத்துப் பழமெல்லாம் மரத்தடியிலேயே அழுகிப்போயிற்று.”

இதற்கு என்ன மறுமொழி கூறுவதென எமக்குத் தோன்றவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள்

1964 டிசெம்பர்த் தேர்தலில் ஜகனின் கட்சியே அதிக வாக்குகள் பெற்றது. 53 ஆசனங்களில் 24ஐ வென்றது. பேர்ணாமின் கட்சிக்கு 22; ஐக்கிய சக்தி என்னும் மூன்றாங் கட்சிக்கு 7. பின்னிரண்டும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. 1966 மே 26ஆந் திகதி கயானா சுதந்திரம் பெற்றபோது பேர்ணாமே பிரதம மந்திரி. 1970இல் நாடு கூட்டுறவுக் குடியரசாயிற்று.

பேர்ணாம் ஆற்றிய நன்மைகள் இல்லாமலில்லை. மழலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கல்வியை இலவசமாக்கினார். அன்னியர் கையிலிருந்த அலுமினியக் கனிமச் சுரங்கங்களையும் சீனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கினார். தோட்டங்களுட் பெரும்பாலானவற்றை வைத்திருந்த புக்கர் கம்பனியின் செல்வாக்கை எண்ணி, நாட்டையே ‘புக்கர் கயானா’ என்று மக்கள் நகைப்பதுண்டாம். இலக்கியத்துக்குப் புக்கர் பரிசை ஏற்படுத்தியதும் அக்கம்பனியே. ஆனால் மக்களின் வாக்கு மக்களிடம் இருக்கவில்லை. 1968 தேர்தலில் வெளிநாட்டில் வாழ்வோர் பெயரால் ஆயிரக்கணக்கான வாக்குகள் விழுந்தன. ஆங்கிலத் தொலைக்காட்சியினர் விசாரித்தபோது, பட்டியலிற் கண்ட முகவரிகள் பலவற்றில் அத்தகைய வாக்காளர் எவரும் இல்லை. 1973இல் வாக்குப் பெட்டிகளைப் படையினர் எடுத்துச் சென்றனர். பேர்பிஸிலே பெட்டியைக் காக்க முயன்ற இருவர் சுடப்பட்டு இறந்தனர். ஆளுங் கட்சியின் கொடி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மேலே பறந்தது. 1980ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி பேர்ணாம் நிறைவேற்று ஜனாதிபதியானார்.

அவ்வாண்டு ஜூன் 13ஆந் திகதி, வால்டர் ரொட்னி என்னும் வரலாற்றறிஞர் மோட்டார் வண்டியினுள்ளே குண்டு வெடித்து மாண்டார். அவருக்கு வயது 38. இரு இனத்துத் தொழிலாளரையும் ஒரே மேடையில் மீண்டும் ஏற்ற முயன்றவர் அவர். அவருடைய கூட்டங்களுக்கு இரு இனத்தவரும் திரண்டனர். அக்கொலையில் அன்றைய அரசுக்குப் பங்குண்டென 2016இல் ஒரு விசாரணை ஆணைக்குழு முடிவு கூறிற்று. கட்சிகளின் கணக்கைக் கலைக்க வந்தவர் நெடுங்காலம் விட்டுவைக்கப்படவில்லை.

1980களின் தொடக்கத்தில் அன்னியச் செலாவணி வறண்டது. கோதுமை மாவும் பருப்பும் இறக்குமதி செய்யக்கூடாதெனத் தடை வந்தது. ரொட்டியும் பருப்புமே உணவாகக் கொண்ட இந்தியக் குடும்பங்கள் அரிசி மாவினால் ரொட்டி சுட்டன. வாணலியில் ஒட்டி உடைந்த அந்த ரொட்டியைப் பற்றி அனண்டேல் அம்மையார் சொல்லிச் சிரித்தார். அரிசி ரொட்டி தின்றது ஆபிரிக்கக் குடும்பங்களும்தான். கடை வரிசையில் இரு இனத்தவரும் ஒன்றாகவே நின்றனர். இயன்றோர் ரொறன்ரோவுக்கும் நியூ யோர்க்குக்கும் சென்றனர். ஸ்காபரோவில் எம் அயல் வீட்டாரும் அக்காலத்திற் புறப்பட்டவரே.

பேர்ணாம் 1985 ஆகஸ்டு 6ஆந் திகதி இறந்தார். தாவரப் பூங்காவிலே அவருக்குக் கட்டிய சமாதியைக் கண்டோம். அவர்க்குப் பின் வந்த டெஸ்மண்ட் ஹொய்ட் மெல்ல மெல்லக் கதவைத் திறந்தார். 1992 ஒக்டோபர் 5ஆந் திகதி, அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கண்காணிக்கத் தேர்தல் நடைபெற்றது. ஜகன் வென்று, 74ஆம் வயதில் ஜனாதிபதியானார். இருபத்தெட்டு ஆண்டுகளின் பின்னர் வாக்கு வாக்காயிற்று.

முப்பத்திரண்டரை

பின்வந்த காலம் முற்றும் அமைதியானதென்று கூறுவதற்கில்லை. 1997 மார்ச்சில் ஜகன் மறைந்ததும், அவ்வாண்டு இறுதித் தேர்தலில் அவர் துணைவியார் ஜனெட் ஜனாதிபதியானார். அவர்க்குப் பின் பரத் ஜக்டியோவும் டொனல்ட் ரமோதரும் ஆண்டனர். இருபத்துமூன்று ஆண்டுகள் ஒரே கட்சி ஆட்சியில் இருந்ததனால், இம்முறை தாம் ஒதுக்கப்பட்டோம் என்ற மனக்குறை ஆபிரிக்கரிடையே வளர்ந்தது. 2015இல் பல கட்சிக் கூட்டணி ஒன்று வென்று டேவிட் கிரேஞ்சர் ஜனாதிபதியானார். அவரது பிரதம மந்திரியின் பெயர் மோசஸ் வீரசாமி நாகமுத்து! பேர்பிஸில் விம் என்னும் ஊரிலே தமிழ் வழி வந்த குடும்பத்திற் பிறந்தவர். பல்லாண்டு ஜகன் கட்சியில் இருந்து, பின்னர் அதனை விட்டு மறுபக்கம் சென்றவர். அவரைப் போற்றுவோரும் உளர். துரோகி என்போரும் உளர்.

2018 டிசெம்பர் 21ஆந் திகதி அக்கூட்டணிக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஆளுந்தரப்பு உறுப்பினர் ஒருவர் எதிர்த்தரப்புடன் வாக்களிக்க, 65 பேர் கொண்ட சபையில் 33க்கு 32 என்று தீர்மானம் நிறைவேறிற்று. அப்போது எழுந்த வாதம் வேடிக்கையானது. அறுபத்தைந்தின் பாதி முப்பத்திரண்டரை. அரை மனிதன் இல்லையாதலால் பாதி என்பது 33. ஆகவே பெரும்பான்மை 34 என்று அரசாங்கத்தார் வாதாடினர்! கரிபியன் நீதிமன்றம் 2019 ஜூனில், 33 பெரும்பான்மையே எனத் தீர்த்தது.

2020 மார்ச் 2ஆந் திகதி வாக்களிப்பு நடந்தது. தலைநகர் அடங்கிய நான்காம் பிராந்தியத்தின் எண்ணிக்கையில் கூறப்பட்ட தொகைகளைப் பலரும் ஏற்க மறுத்தனர். வாக்குகள் மீண்டும் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டன. ஆகஸ்டு 2ஆந் திகதியே இர்பான் அலி ஜனாதிபதியாகப் பதவியேற்றார். மாம்பழம் அழுகிய அந்த ஐந்து மாதம் இதுவே. 2025 செப்டெம்பர்த் தேர்தலில் அவரே மீண்டும் வென்றார். ஆனால் பேர்ணாம் வழிவந்த கட்சி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, சில மாதங்களுக்கு முன் தோன்றிய ஒரு புதுக் கட்சி இரண்டாம் இடத்தைப் பிடித்தது. நெடுங்காலத்து எண்ணிக்கை சற்றே கலைந்ததென்று சிலர் எம்மிடம் மகிழ்ந்து கூறினர். வேறு சிலர் அத்துணை நம்பிக்கை கொள்ளவில்லை.

எண்ணிக்கை தானாகவே கலைந்து வருவதும் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்திய வமிசத்தவர் நூற்றுக்கு 40, ஆபிரிக்க வமிசத்தவர் 29, கலப்பினத்தவர் 20, ஆதிக்குடிகள் 10. எந்த இனமும் தனித்துப் பெரும்பான்மை இல்லை. தம்மவர் வாக்கை மட்டும் நம்பி எக்கட்சியும் இனி வெல்லுதல் அரிது. அடுத்த வீட்டுக்காரனிடமும் வாக்குக் கேட்டே ஆகவேண்டும். அறவுரை செய்யாததைக் கணக்கு செய்யக்கூடும் போலும்.

இப்போது அங்கே எண்ணெய் வேறு வந்திருக்கின்றது. 2015இல் கடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டு 2019 டிசெம்பரில் எடுக்கத் தொடங்கியது. 2022இல் மட்டும் நாட்டின் பொருளாதாரம் நூற்றுக்கு 60க்கு மேல் வளர்ந்தது. நாட்டில் மூன்றிலிரு பங்காகிய எசெக்குவிபோவைத் தனதென்று கூறும் வெனிசுவேலாவின் குரலும் அதன் பின் ஓங்கியது. அவ்வழக்கைக் கயானா 2018இல் அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. இத்தனை செல்வத்தைப் பங்கிடுவோர் யார், அவர்களைத் தேர்வோர் யார் என்ற கேள்வி முன்னிலும் கனத்துவிட்டது.

கூடை சென்ற வழி

நாம் பேர்பிஸுக்குப் புறப்படும் நாளில் அம்மையார் ஒரு கூடையை எம்மிடம் தந்தார். “தேர்தல் முடிந்து இத்தனை மாதமாகியும் ஒருவரும் வரவில்லை. அங்கேயும் முதுமை வந்துவிட்டது, பிள்ளைகள் பிறநாட்டில். வழியில்தானே, கொடுத்துவிட்டுப் போங்கள்” என்றார்.

பக்ஸ்டனில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தவர் நரைத்த தலையுடைய ஆபிரிக்க முதியவர். கூடையைக் கண்டதும் யார் அனுப்பியது என்று அவர் கேட்கவில்லை. ஒரு மாம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். “திரும்பும்போது வாருங்கள்; கூடையைத் தரவேண்டும்” என்றார். கூடையை வைத்துவிட்டு ஓடிய பையன் அவரேதான்.

பேர்பிஸில் இரு நாட்கள் தங்கினோம். போட் மூரண்டில், ரோகன் கன்ஹாய், பசில் புச்சர், ஜோ சொலமன் ஆகிய துடுப்பாட்ட வீரர் பிறந்த அதே மண்ணில், ஜகன் தகனம் செய்யப்பட்ட இடத்தைக் கண்டோம். ஒரு மாரியம்மன் கோயிலுக்கும் சென்றோம். தப்பும் உடுக்கும் முழங்கின. பூசாரி, கரகம், வேப்பிலை என்ற சொற்கள் அங்கே வாழ்கின்றன. அவற்றைச் சுற்றியிருந்த தமிழ் மறைந்துவிட்டது. பூசைக்கு வந்து கைகூப்பி நின்றோருள் ஆபிரிக்க வமிசத்தவரும் இருந்தனர். அம்மன் முன்னே அவர்களை யாரும் வேறாக எண்ணவில்லை.

திரும்பும் வழியில், நீர் வடியும் வேளையில், ஒரு மதகினருகே வண்டியை நிறுத்தினோம். இம்மதகுகளைக் கோக்கர் என்கின்றனர். கடல் வற்றும்போது காவலாளர் கதவை உயர்த்துகின்றார். வாய்க்கால் நீர் கடலுக்கு ஓடுகின்றது. கடல் பெருகும்போது கதவைத் தாழ்த்துகின்றார். ஆட்சியில் இருப்பவர் யாராயினும் நாள்தோறும் இது நடந்தாகவேண்டும். ஒரு நாள் தவறினால் பக்ஸ்டனும் நீரில் நிற்கும். அனண்டேலும் நீரில் நிற்கும்.

பக்ஸ்டன் முதியவர் கூடையில் நான்கு ஈரப்பலாக்காய்களை வைத்துக் காத்திருந்தார். அவற்றை அனண்டேலில் ஒப்படைத்தோம். அம்மையார் கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “மரம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

காய்த்துக் குலுங்குகின்றது என்றோம். அவர் தலையசைத்துவிட்டு, எமக்குச் சோறு சமைக்க உள்ளே சென்றார்.